பதினோரு நிமிடச் சமாதி

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை சமாதி நிலையை எட்டியிருக்கிறேன். அது பதினோரு நிமிடம் நீடித்தது. அதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்தப் பதினோரு நிமிடத்தின் விளைவாக என் மனைவி கோமதி இன்றும் வாரத்தில் ஐந்து நாள் காலை ஆறு இருபது பேருந்தில் ஏறிக் களக்காட்டுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்து, ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலை ஆறே முக்காலுக்கு வீடு திரும்புகிறாள். முனிவர்கள் தவம் செய்தால் நாட்டில் மழை பெய்யும் என்பார்கள். என் தவத்துக்குப் பெய்தது இதுதான்.

நான் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எரிவாயு உருளை மாற்றிய நாள், கிணற்று மோட்டார் பழுதான நாள், மைத்துனன் கோபித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன நாள், எதைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். (யாரும் கேட்பதில்லை. மைத்துனன் எழுந்து போனதற்குக் காரணமே நான் அப்படிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியதுதான்.) என் அலமாரியில் கோப்புகள் நிறவாரியாக இருக்கும். ஒவ்வொன்றின் முதல் தாளிலும் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் இருக்கும். இப்படிப்பட்ட மனிதனுக்கு இரத்தக் கொதிப்பு வராமல் இருக்குமா? வந்தது. மருத்துவர் மாத்திரையோடு ஒரு யோசனையும் சொன்னார்: "தினமும் கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க."

சும்மா உட்காருவதற்கும் ஒரு முறை இருக்கும் அல்லவா? விசாரித்தேன். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஆறு நிமிடத் தூரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், மாரியப்பன் என்பவர் காலை ஐந்தரைக்கு யோக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். விக்கிரமசிங்கபுரத்துக்காரர். நூற்பாலைத் தொழிலாளியின் மகன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். காவி கிடையாது, தாடி கிடையாது. சாதாரண நீலக் கால்சட்டை, கையில் ஒரு பூட்டுச் சாவி. முதல் நாளே நான் குறிப்பேட்டை எடுத்ததும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எழுதணுமா அண்ணாச்சி?"

"எழுதினால்தான் எனக்கு மனசில் நிற்கும்."

"செரி, எழுதிக்கிடுங்க. மனசை ஒரு எடத்துல பிடிச்சுக் கட்டுதோம்லா, அது தாரணை. கட்டாமலே அது அங்கன நிக்க ஆரம்பிச்சுட்டுன்னா தியானம். நிக்கது நிக்கும், நிக்க வைக்க ஆளு மட்டும் இருக்க மாட்டான். அதைச் சமாதின்னு சொல்லுதாவ. நமக்கு அவ்வளவு தூரம் எதுக்கு? மொதல்ல முதுகை நேரா வைங்க."

அன்று மாலையே நாட்குறிப்பில் ஸ்கேல் வைத்து மூன்று கட்டங்கள் போட்டேன். தாரணை, தியானம், சமாதி. நிமிடக் கணக்கில். முதல் வாரம் தாரணை நான்கு, தியானம் பூஜ்யம். இரண்டாம் மாதம் தாரணை பதினொன்று, தியானம் மூன்று. பாதிக் கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பது இடையூறாகக் கருதப்படாது என்று எனக்கு நானே ஒரு விதியும் வகுத்துக்கொண்டேன். எட்டு மாதம் முடிந்தும் மூன்றாவது கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு மட்டுமே இருந்தது. வருடாந்திர ஆய்வில் ஒரு பிரிவு மட்டும் பணி முடிக்காமல் நிற்பதைப் போல அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மாரியப்பனிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி, கையில கெடக்குத மணிக்கூட்டைக் கழத்தி எங்கயாவது வச்சுட்டு உக்காருங்க. உள்ள என்ன வருதோ பாருங்க. சத்தம் வந்தா சத்தம், கோவம் வந்தா கோவம். பின்னால போவாதிய, வெரட்டவும் செய்யாதிய. சும்மா பாருங்க, அம்புட்டுத்தான்."

இதில் 'சத்தம் வந்தால் சத்தம், பின்னால் போகாதே' என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன். கோபத்தைப் பற்றிச் சொன்னதை எழுதவில்லை. எனக்குக் கோபம் வருவதில்லை என்பது அந்நாளில் என் எண்ணம்.

இனி கோமதியின் விஷயம். அவள் களக்காட்டுக்கு அப்பால் உள்ள அந்தப் பள்ளிக்கு அப்போதே ஒன்பது வருடமாகப் போய்க்கொண்டிருந்தாள். போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரம். நாற்பத்தேழு வயது. இடது முழங்காலில் தேய்மானம். பேருந்தின் முதல் படி அவளுக்கு மலை. இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறக்குவாள். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்த ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும் சொன்னாள்: "பாளையங்கோட்டையில ஒரு எடம் கெடச்சா, காலையில ஒரு வாய் காப்பியை உக்காந்து குடிப்பேன்."

அந்த வருடம் கிடைக்கும் போலிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் போய்விடக்கூடிய ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. இடமாறுதல் கலந்தாய்வு அறிவித்தார்கள். கணவனும் மனைவியும் அரசுப் பணியில் இருந்தால் முன்னுரிமை உண்டு. அதற்கு என் அலுவலகத் தலைவர் கையொப்பமிட்ட சான்று வேண்டும். வாங்கினேன். முன்னுரிமைப்படி அவள் பெயர் நாற்பத்தோராவதாக வந்தது. முன்னால் இருந்த நாற்பது பேரில் அந்த இடத்தைக் கேட்கக்கூடியவர்கள் யாருமில்லை என்று கோமதியும் அவள் சிநேகிதி ஜெசிந்தா டீச்சரும் ஒரு வாரம் தொலைபேசியிலேயே விசாரித்து உறுதி செய்திருந்தார்கள். அசல் சான்றைக் காட்ட வேண்டும், இடத்தைச் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் மிச்சம்.

கலந்தாய்வு வண்ணார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனேன். (அவள் கூப்பிடவில்லை. கோப்பு என் பொறுப்பில் இருந்ததால் நானாகப் போனேன்.) பத்து ஐந்துக்குத் தொடங்கியது. ஆசிரியர்கள் உள்ளே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூட வந்த கணவன்மார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வெளியே வேப்பமரம்.

பத்து ஐம்பதுக்கு கோமதி வெளியே வந்தாள். "பதினொண்ணாம் நம்பர் முடிஞ்சுட்டு. பைலை எங்கிட்டத் தாங்க. நான் கையிலயே வச்சுக்கிடுதேன்."

"எதுக்கு? கூப்பிடும்போது நான் எடுத்துத் தாரேன். உன்கிட்ட தந்தா வரிசையைக் கலைச்சிருவ."

"சான்று ஒண்ணே ஒண்ணுதான், அதுல என்ன வரிசை?"

"இணைப்பு ஏழு இருக்கு. ஒவ்வொண்ணு ஓரத்துலயும் அடையாளத்துக்குக் காகிதக் கொடி ஒட்டி வச்சிருக்கேன்."

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். இருபத்து மூன்று வருடமாக என்னோடு வாழ்கிறவள், கொடிகளைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை என்று தெரிந்தவள். "செரி. எங்கயும் போயிராதிய."

நான் கணக்குப் போட்டேன். நாற்பத்தைந்து நிமிடத்தில் பதினொரு பேர். ஆளுக்கு நான்கு நிமிடம் ஐந்து விநாடி. இன்னும் முப்பது பேர். ஆக, அவளை அழைப்பது சுமார் பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு. இதை அவளிடம் சொன்னேன். ஒரு தாளில் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்று, மற்ற கணவன்மார்கள் அகவிலைப்படியைப் பற்றிப் பேசுவதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அன்று காலை வகுப்புக்கும் போகவில்லை. நாட்குறிப்பில் மூன்று கட்டமும் வெறுமையாக இருக்கப்போகின்றன என்ற நினைப்பு குடைந்தது. பள்ளியிலிருந்து ஆற்றுப் படித்துறை நடை தூரம். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பன்னிரண்டு இருபதுக்குத் திரும்பினாலும் முப்பத்திரண்டு நிமிடம் மிச்சம்.

தாமிரபரணியில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் நான்கைந்து பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அரசமர நிழல் விழும் படியாகப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்குச் சம்மணம் போட்டால் இடது முட்டி தரையில் படாது. முட்டிக்கு அடியில் ஏதாவது முட்டுக் கொடுக்கும்படி மாரியப்பன் சொல்லியிருந்தார். கையில் இருந்தது மஞ்சள் பை. அதற்குள் கோப்பு. அதை மடித்து முட்டிக்கு அடியில் வைத்தேன். உயரம் கச்சிதமாக இருந்தது. இப்படியாக, என் மனைவியின் பத்து நிமிட நடைதூரப் பள்ளியின் மேல் என் முழங்காலை அழுத்திக்கொண்டு, பதினொன்று எட்டுக்குக் கண்ணை மூடினேன்.

கைபேசியைச் சத்தமில்லாமல் வைத்துச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். ஆனால் அது அதிரும். பதினொன்று முப்பத்திரண்டுக்கு (ஒரு கண், பாதி) முதல் அதிர்வு வந்தது.

இதை நான் கவனமாக எழுத வேண்டும். ஏனென்றால் பின்னால் பலரிடம் இதை வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஆழ்ந்து போய்விட்டேன், உலகமே தெரியவில்லை, காலம் போனது தெரியவில்லை என்றெல்லாம். அது பொய். எனக்கு எல்லாம் தெரிந்தது. முதல் அதிர்வில் யாரோ என்று நினைத்தேன். இரண்டாவதில் கோமதியாக இருக்கலாம் என்று தோன்றியது. மூன்றாவதில் கோமதிதான் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் இவளுக்குப் பொறுக்கவில்லையே என்று ஒரு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததும், சத்தம் வந்தால் சத்தம், பின்னால் போகாதே என்ற சிவப்பு மை நினைவுக்கு வந்தது. போகவில்லை. நெஞ்சுக்கு மேலே அந்தப் பொருள் துடித்தது, நின்றது, துடித்தது, நின்றது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. எட்டு. என் மனம் அசையவில்லை. எட்டு மாதப் பயிற்சி! எனக்குள் ஒரு பெருமை மெல்லப் பொங்கிப் பொங்கி வந்தது. அதுதான் ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள்: "அண்ணாச்சி, ஒங்க சட்டைப் பையில என்னமோ துடிக்கு."

நான் அசையவில்லை.

"ஏ அண்ணாச்சி! உங்களத்தான். போன் அடிக்கு."

"விடுக்கா, அவிய தவம் பண்ணுதாவ" என்றாள் இன்னொருத்தி.

"தவம் பண்ணுதவருக்கு எதுக்கு போனு?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் சாட்சியாக இருந்து பார்த்தேன். பதினாறு. பதினேழு. பிறகு நின்றுவிட்டது.

பதினொன்று நாற்பத்தைந்து. அதன் பிறகு வந்த அமைதி இருக்கிறதே, அதைப் போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை. துணி அடிக்கும் சத்தம் எங்கோ தூரத்தில். தண்ணீரின் சத்தம் எனக்குள்ளேயே. உடம்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. (இடது கால் மரத்துப்போயிருந்தது என்பது பிறகு தெரிந்தது.) பதினொன்று ஐம்பத்தாறுக்குக் கண்ணைத் திறந்தபோது, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கிடைத்ததை உடனே பதிய வேண்டும் அல்லவா? மஞ்சள் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். சட்டைப் பைக்குள் இருந்த கைபேசியைப் பார்ப்பதற்கு முன்னால், பேனா மூடியைத் திறந்து, ஏழு நிமிடம் செலவழித்து, நல்ல கையெழுத்தில் எழுதினேன். அந்தப் பதிவு இது:

'படித்துறை. தாரணை 20. தியானம் 17. சமாதி 11. மொத்தம் 48 நிமிடம். கைபேசி அதிர்வு 17 முறை. பெண்கள் ஏளனம் 1 முறை. சலனம்: இல்லை.'

மூன்றாவது கட்டத்தில் எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஓர் எண். அதை இரண்டு முறை பார்த்தேன். பிறகு, பன்னிரண்டு மூன்றுக்கு, கைபேசியை எடுத்தேன்.

பதினேழு தவறிய அழைப்புகள். கோமதி பதினான்கு. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நித்யா மூன்று. என் எண்ணிக்கையில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

எழுந்தேன். அதாவது எழ முயன்றேன். இடது கால் என்னுடையதாக இல்லை. ஊன்றியதும் அது தன் விருப்பப்படி மடங்கியது. மூன்று படி உருண்டு, என்னைத் தவசியென்று சொன்ன அந்தப் பெண்ணின் சோப்புத் தண்ணீர் அண்டாவில் இடுப்பளவு உட்கார்ந்தேன். பையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். கோப்பில் ஒரு துளி படவில்லை. அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்லவே முடியாது.

"இப்பம் இறங்கி வந்துட்டாவளா?" என்றாள் அவள், என் தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே.

பன்னிரண்டு பத்தொன்பதுக்கு, ஒரு காலை இழுத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே நுரை வழிய, பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் வழி விட்டார்கள். நேராக உள்ளே போய், அதிகாரியின் மேசை மேல் கோப்பை விரித்து, முதல் கொடியைத் தூக்கிச் சான்றைக் காட்டினேன்.

அவர் நிமிர்ந்தார். "சார், நீங்க யாரு?"

"நாற்பத்தொன்று. கோமதியின் கணவர்."

அவர் சான்றைப் பார்த்தார். என் கால்சட்டையைப் பார்த்தார். மறுபடி சான்றைப் பார்த்தார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சார்" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார். "ஆனா இப்ப அறுபத்திரண்டு நடக்குது."

நடந்ததை ஜெசிந்தா டீச்சர்தான் வாசலில் வைத்துச் சொன்னார். பன்னிரண்டாம் எண்ணிலிருந்து மளமளவென்று போயிருக்கிறது. பலர் வரவேயில்லை. வந்தவர்களில் பலர் இருக்கிற இடமே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பதினொன்று முப்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. 'அசல் எங்கே?' என்று கேட்டிருக்கிறார்கள். 'வெளிய நிக்காவ, இந்தா வந்துருவாவ' என்று கோமதி சொல்லியிருக்கிறாள். ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். வேப்பமரத்தடியில் இல்லை என்றதும் அவள் பள்ளியைச் சுற்றி ஓடியிருக்கிறாள், அந்த முழங்காலோடு. இன்னும் ஐந்து நிமிடம் கேட்டாள். கொடுத்தார்கள். அதற்கு மேலும் நான்கு நிமிடம் பொறுத்தார்கள். அதற்குப் பிறகு அதிகாரி, "அம்மா, இதுக்கு மேல நான் எப்படி நிறுத்தி வைக்க?" என்று கேட்டிருக்கிறார். சான்று இல்லாவிட்டால் முன்னுரிமை இல்லை. முன்னுரிமை இல்லாவிட்டால் அவள் இடம் தொண்ணூறுக்கு மேல். நாற்பத்திரண்டாம் எண்ணில் இருந்த டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு பாளையங்கோட்டையைக் கேட்டார். கையெழுத்துப் போட்டார். அப்போது மணி பதினொன்று நாற்பத்தைந்து.

என் சமாதி தொடங்கிய நேரம் அது. அந்த ஒப்பற்ற அமைதி வந்தது, கோமதி என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியதால்.

"எங்க சார் போனிய?" என்று கேட்டார் ஜெசிந்தா டீச்சர். "ஆத்துல கீத்துல விழுந்துட்டியளோன்னு பயந்து போயிட்டோம். அவ கடைசியில எடத்துக்காகக் கூப்பிடல சார். ஒங்களுக்கு என்னமோ ஆயிட்டுன்னுதான் கூப்பிட்டா."

கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கோமதி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் உடை மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது அவள் சாப்பாட்டு மேசையில், மஞ்சள் பையைத் திறந்து, சான்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அதைக் கிழிக்கப் போகிறாளா, பார்க்கப் போகிறாளா என்று தெரியவில்லை. கைக்கு வந்தது நாட்குறிப்பு. இருபத்து மூன்று வருடத்தில் அவள் அதைத் திறந்ததே இல்லை. அடையாள நாடா இருந்த பக்கம் தானாகத் திறந்துகொண்டது. மேசை மேல் கைபேசியில் நித்யா, ஒலிபெருக்கியில்.

"அப்பா வந்துட்டாங்களாம்மா? எங்கதான் போனாங்களாம்?"

கோமதி வாசித்தாள். வகுப்பில் விடைத்தாளை உரக்க வாசிக்கும் அதே குரலில், நிறுத்தற்குறிகளோடு. படித்துறை. தாரணை இருபது. தியானம் பதினேழு. சமாதி பதினொன்று. கைபேசி அதிர்வு பதினேழு முறை. பெண்கள் ஏளனம் ஒரு முறை. சலனம், இல்லை.

மறுமுனையிலிருந்து நித்யா, "அம்மா, இன்னொரு தடவை வாசி" என்றாள். கோமதி இன்னொரு தடவை வாசித்தாள். நித்யா சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல், மூச்சு வாங்க, "ஏளனம் ஒரு முறை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மாவின் இடம் போனது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சிரிப்பு வந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோமதி சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தாள். எண்களுக்குப் பக்கத்தில் பேனா முனையை நிறுத்தி முணுமுணுத்தாள். "இருபது, பதினேழு, பதினொண்ணு. நாப்பத்தெட்டு." பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டாள். பிறகு நாட்குறிப்பை மூடி என் பக்கம் நகர்த்தினாள்.

"கூட்டல் சரியா இருக்கு" என்றாள். எழுந்து சமையலறைக்குப் போனாள்.

மறுவாரம் மாரியப்பனிடம் போனேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போகும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். குறைந்தபட்சம், அந்தப் பதினோரு நிமிடம் ஏதோ ஒரு கணக்கில் சேரும் என்றாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக்கூடாது. போன் துடிக்கது தெரிஞ்சுது. கூப்பிடுதது மதினின்னு தெரிஞ்சுது. அந்தப் பொம்பளைய சிரிச்சது தெரிஞ்சுது. எடுக்கவே மாட்டேன்னு நீங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தியளே, அது மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

"சத்தத்துக்குப் பின்னால் போகாதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"சொன்னேன். அதுக்கு எடுக்காதியன்னா அர்த்தம்? எடுத்து, 'என்ன கோமதி'ன்னு கேட்டுருந்தா தியானம் என்ன கலைஞ்சா போயிருக்கும்?" கதவைப் பூட்டிக்கொண்டே, "கலைஞ்சா கலைஞ்சுட்டுப் போவுது" என்றும் சொன்னார்.

அதோடு வகுப்பை நிறுத்திவிட்டேன். நாட்குறிப்பில் அந்த மூன்று கட்டங்களையும் போடுவதில்லை. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை மட்டும்.

அடுத்த கலந்தாய்வில் பாளையங்கோட்டையில் காலியிடமே இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அந்த இரண்டு தடவையும் கோமதி சான்றைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு தனியாகப் போய்வந்தாள். அந்த நாற்பத்திரண்டாம் எண் டீச்சருக்கு அப்போது முப்பத்தாறு வயதுதான் இருக்கும். காய்கறிச் சந்தையில் எங்களைப் பார்த்தால் பதறிப்போய் வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நல்ல பெண். அவர் ஓய்வு பெறும்போது கோமதி ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகியிருக்கும்.

குடும்பத்தில் இது நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது போனை எடுக்கவில்லை என்றால், "சமாதியில இருக்காவளோ என்னமோ" என்பார்கள். நித்யாவின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் எனக்கு இரண்டு தடவை போன் செய்தும் கிடைக்கவில்லை என்று சொன்னபோது, என் மைத்துனன் சங்கரன் கூடத்தின் நடுவில் நின்று, "அத்தான் எண்ணிக்கிட்டு இருந்திருப்பாவ, மொத்தம் எத்தனைன்னு கேளுங்க" என்றான். மாப்பிள்ளை வீட்டாருக்கு விளங்காததால் முழுக் கதையையும் நடித்துக் காட்டினான். அண்டாவில் விழுந்ததை இரண்டு முறை நடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோமதி மட்டும் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அந்தக் கதைக்கு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் சொல்லியும் கேட்டதில்லை.

இப்போது தினமும் நான்தான் அவளைப் பேருந்து நிலையத்தில் கொண்டுவிடுகிறேன். அந்த வண்டியின் நடத்துநர் ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னார்: "டீச்சர் ஏறி உக்காந்து கண்ணை மூடுனா களக்காட்டுலதான் அண்ணாச்சி தெறப்பாவ. நான் டிக்கெட்டுகூடக் கேக்க மாட்டேன், பாஸ் இருக்குன்னு தெரியும். தூங்கவும் செய்யல. முதுகு அப்படியே நேரா இருக்கும். எப்பிடி அண்ணாச்சி?"

மறுநாள் காலை வண்டிக்காக நிற்கும்போது கோமதியிடம் கேட்டேன். "பஸ்ஸுல கண்ணை மூடிக்கிட்டு என்ன செய்வ?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"ஏதாவது நெனைச்சுக்கிட்டு இருப்பல்லா?"

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். வண்டி வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"அந்த எடம் போன புதுசுல ஒங்களைத் திட்டிக்கிட்டே போவேன். சேரன்மாதேவி வரைக்கும் திட்டுவேன். கொஞ்ச நாள்ல அதுக்கு முன்னாலயே, பத்தமடை வந்ததும் நின்னுரும். பொறவு அதுக்கும் முன்னால, முன்னீர்பள்ளத்தோட நின்னுட்டு. இப்ப ஏறி உக்காந்தா ஒண்ணுமே வாரதில்ல. நீங்களும் வாரதில்ல."

கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, வலது காலை முதலில் வைத்து ஏறினாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி நகர்வதற்கு முன்பே அவள் கண்கள் மூடியிருந்தன.